மூன்றாவது கடிதம்

நவம்பர் கடைசியில் எனக்கொரு வேலை உண்டு:
சந்தா கட்டாத டாக்டர்களின் பெயர்களைப்
பட்டியலிலிருந்து எடுப்பது.

டெமாயின் நகரில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
எங்கள் ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கம்.
நான்கு மேஜை, ஒரு காப்பி மெஷின்,
தலைவர் தட்டுவதற்கு ஒரு மரச்சுத்தியல்.

முதல் கடிதம் வணக்கம் சொல்லும்.
இரண்டாவது நினைவூட்டும்.
மூன்றாவது "வருந்துகிறோம்" என்று தொடங்கும்.
வருந்தியவர் யாருமில்லை.
இயந்திரம் கக்கியது, நான் மடித்தேன்.

இந்த வருஷத் தலைவர் டாக்டர் ஐடெல்லா பிராண்ட்.
பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்.
எலும்பு டாக்டருக்கே எலும்பு முறிவா என்று
கேட்காத ஆளில்லை.
நாங்கள் முழு டாக்டர்கள், உடம்பு முழுக்கப் பார்ப்பவர்கள் என்று
விளக்கி விளக்கி
கையைவிட வாய்தான் வலித்தது அவருக்கு.

நாற்பத்து மூன்று உறைகளை ஒட்டப்போனேன்.
மாவுக்கட்டை அவற்றின் மேல் வைத்தார்.
"ஆரோ, போனைக் கொடு."
ஆரோக்கியம் என்ற என் பெயர்
இவர்கள் வாயில் பாதிதான் வரும்.

ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தாள்.
ஒருவர் நெப்ராஸ்காவுக்கே போய்விட்டார்.
ஒருவர், "சங்கம் எனக்கு என்னத்தைக் கிழித்தது?" என்று
பத்து நிமிஷம் திட்டினார்.
தலைவர் குறித்துக்கொண்டார். கிழிக்காதவை, ஏழு.

பத்தொன்பதாவது பெயர் ஓரின் ஹாஃப்மேயர்.
ஊர் அட்லாண்டிக்.
கடல் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம்;
சுற்றிலும் சோளம் அறுத்த தாள்தான்.
மறுமுனையில் நெடுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு:
"லைசென்ஸையே திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.
சந்தா எதற்கு?"

"நாளைக்கு உங்கள் கடைசி நோயாளி எத்தனை மணிக்கு?"
"ஐந்து."
"ஐந்தரைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

நான் காரோட்டினேன். எண்பது மைல்.
இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒரே கண்ணாய் இமைத்தன.
என்ன பேசப்போகிறார் என்று கேட்டேன்.
இடது கையால் சாண்ட்விச்சோடு போராடிக்கொண்டே
"தெரியாது" என்றார்.

காத்திருப்பறையில் ஒரு மீன்தொட்டி.
விளக்கு எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது,
மீன் இல்லை.
ஹாஃப்மேயர் வந்தார். நெட்டை, நாலு நாள் தாடி.
கைராசிக்காரர் என்று மூன்று கவுண்டியிலும் பேர்.
உட்காராமலே சொன்னார்:
"செப்டம்பரில் ஒரு விவசாயி.
விலா வலி என்று நினைத்து அழுத்திவிட்டு அனுப்பினேன்.
இதயமாக இருந்தது."

உங்கள் தப்பில்லை என்று தலைவர் சொல்லவில்லை.
"எனக்கும் ஒருவன் உண்டு.
பத்தொன்பது வருஷமாகிறது.
அவன் சட்டையின் நிறம் இன்றைக்கும் தெரியும்."

நான் காருக்குப் போய்விட்டேன்.

கண்ணாடி வழியே பார்த்தபோது
தலைவர் நாற்காலியில், அவர் பின்னால்.
மாவுக்கட்டைத் தோள் சுமக்க,
தோளுக்காகக் கழுத்து கோணியிருந்ததை
நாங்கள் யாருமே கவனித்ததில்லை.
அவர் விரல்கள் அங்கே போயிருந்தன,
அவரைக் கேட்காமலே.

ஆங்கிலத்தில் எட்டு வருஷம் தட்டிய சொல்லை
அன்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
உறுப்பினர்.
உறுப்பு.
மூன்று தபாலில் வெட்டியெடுக்கலாம் என்றல்லவா
விதி எழுதி வைத்திருந்தோம்.

டிசம்பர் கூட்டத்தில் பொருளாளர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:
"நூற்றறுபது மைல் பெட்ரோல். எந்தக் கணக்கு?"
ஹாஃப்மேயரின் சந்தா இன்னும் வரவில்லை.
செவ்வாய்தோறும் ஒரு போன் வருகிறது, அவ்வளவுதான்.
சிலசமயம் திட்டிய அந்த ஆள்தான்
அவருக்குப் போன் செய்கிறாராம்.

தலைவர் இடது கையில் சுத்தியலை ஓங்கி
காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டார்.
எல்லோரும் காகிதங்களைத் தூக்கிய அந்தக் களேபரத்தில்
கணக்கில் எழுதினேன்:

தபால் செலவு.
மூன்றாவது கடிதம், நேரில் சேர்ப்பித்த வகையில்.